நோட்டீஸ் வாடகைக்கு இருப்பவர் கையில் வந்தால், மழைநீர் சேகரிப்புச் செலவு யாருடையது?

கேள்வி: சென்னையில் வாடகைக்கு இருக்கிறேன். மழைநீர் சேகரிப்பு அமைப்பு இல்லை என்று மாநகராட்சி நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' என்று இருப்பதைக் காட்டி, "உங்க கையிலதானே குடுத்தாங்க, நீங்களே செஞ்சுக்குங்க" என்கிறார் ஹவுஸ் ஓனர். செலவு என் தலையிலா?

பதில்: இல்லை என்பதே என் வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. எங்கள் தெரு நலச்சங்கத்துக்கு வரும் இந்த மாதிரி நோட்டீஸ்களைப் படித்து விளக்குகிறவன்.

அந்த வாசகம் வந்த சூழலைப் பாருங்கள். புதுக் கட்டடங்களுக்கு மட்டும் இருந்த விதியை 2003-ல், கிணறும் போர்வெல்லும் வற்றிக் கிடந்த நேரத்தில், ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் நீட்டியது. அடுத்த மழைக்குள் வேலை முடிய வேண்டும் என்ற அவசரம். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், இல்லையென்றால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கோர்ட்டில் நிற்கும். அதற்கெல்லாம் காத்திருந்தால் மழை போய்விடும். அதனால் வீட்டில் யார் இருந்தாலும் அவரிடம் அதிகாரி வேலையைக் கேட்க அந்த 'அல்லது' வழி செய்கிறது. அது மாநகராட்சிக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள விஷயம். உங்களுக்கும் ஓனருக்கும் இடையில் கணக்குத் தீர்க்க எழுதியது அல்ல.

மாநகராட்சிச் சட்டத்தில் 2003-ல் சேர்த்த பிரிவிலேயே இதற்குத் துப்பு இருக்கிறது. யாரும் அமைக்காவிட்டால் மாநகராட்சியே அமைத்து, செலவைச் சொத்து வரி வசூலிப்பது போலவே வசூலிக்கலாம் என்கிறது. சொத்து வரி ரசீது யார் பெயரில் வருகிறது? செலவு கடைசியில் சொத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று இதை வைத்தே சொல்வேன்.

ஆனால் நோட்டீஸை மடித்து வைத்துவிடாதீர்கள். அமைக்கும்வரை தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. துண்டித்தால் குடம் தூக்கப்போவது ஓனர் இல்லை, நீங்கள். 2023 ஏப்ரலில் பழைய மாநகராட்சிச் சட்டத்தின் இடத்தில் 1998-ன் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று நோட்டீஸில் போட்டிருப்பதையும் பாருங்கள்.

உங்களுக்கும் ஓனருக்கும் இடையில் பேசுவது ஒப்பந்தமும் 2017 வாடகைச் சட்டமும். அந்தச் சட்டத்தின் அட்டவணை, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகளை ஓனர் பக்கமும், குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவற்றைக் குடியிருப்பவர் பக்கமும் வைக்கிறது. மழைநீர்க் குழாயும் உறைகிணறும் நீங்கள் காலி செய்த பிறகும் அந்த வீட்டில்தான் இருக்கும். எனவே கட்டுவது அவர். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் வாயில் சேரும் இலைதழையை ஐப்பசி மழைக்கு முன் அள்ளிப் போடுவது நீங்கள்.

"ஏற்கெனவே பைப் இருக்கே" என்று அவர் சொன்னால் போய்ப் பாருங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பிவிசி பைப் மாடியிலிருந்து அழகாக இறங்கி, சிமென்ட் தரையில் ஒரு சாண் உள்ளே போய் நின்றுவிடுகிறது. கீழே குழியும் இல்லை, ஜல்லியும் இல்லை. இன்ஸ்பெக்டர் கண்ணுக்காக வைத்தது. மேலே இரண்டு வாளி ஊற்றினால் தெரிந்துவிடும்: தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வரும். பைப்பைக் காட்டி இதைச் சட்டப்படி சரி என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகத்தானே சட்டம்? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மாடியில் மட்டும் லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அதைத் தெருவுக்கு விட்டுவிட்டு கோடையில் லாரிக்குப் போன் போடுகிறோம்.

இப்போதைக்கு நோட்டீஸின் நகலோடு ஓனருக்குப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கெடு தேதியை அதில் எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வார்டு அலுவலகத்தில் கொடுத்து, ஓனரின் முகவரியையும் போனையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அவசரத்துக்கு நீங்களே செய்ய நேர்ந்தால், வாடகையில் கழித்துக்கொள்ள அவர் சம்மதிப்பதை முதலில் எழுத்தில் வாங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.