கல்லடி வீட்டில் எலக்ட்ரிக் காருக்கு 7 கிலோவாட் சார்ஜர் போடுவதா, 13 அம்பியர் பிளக்கே போதுமா?

கேட்ட தம்பியின் நிலைமை இது: வீடு மட்டக்களப்புக் கல்லடியில், வேலை கல்முனையில். கார் விற்கிறவர் 7 கிலோவாட் சார்ஜரை "இதுதான் ஸ்டாண்டர்ட்" என்று தலையில் கட்டப் பார்க்கிறார். வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியனோ "ஏன் காசைக் கரைக்கிறீங்க, 13 அம்பியர் பிளக்கில குத்துங்க" என்கிறார்.

ரெண்டு பேர் சொல்வதும் பிழை. காசு முதலில் போக வேண்டியது எர்த்துக்கும் தனி வயருக்கும் பிரேக்கருக்கும். சார்ஜர் பெட்டியை அதற்குப் பிறகு பார்க்கலாம், அதுவும் சின்னதே போதும். நான் சார்ஜர் விற்கிற ஆளில்லை. எந்தக் கம்பனிப் பெட்டி நல்லது என்று கீழே வந்து கேட்டாலும் பெயர் சொல்ல மாட்டேன்.

சுவரில் மாட்டுகிற பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. வீட்டுக் கரண்டைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றுகிற சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி ஒரு புத்தியுள்ள சுவிட்ச், அவ்வளவுதான். "இத்தனை அம்பியர் வரை எடுக்கலாம்" என்று காருக்குச் சொல்லும், எர்த் சரியா என்று பார்க்கும், மறுகாதான் கரண்டை விடும். ஆகவே கார் எவ்வளவு எடுக்கும் என்பதை முதலில் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப்களில் பல 3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது. அதற்கு 7 கிலோவாட் பெட்டி மாட்டுவது, அரை அங்குலக் குழாய்க்கு ரெண்டு அங்குல வால்வு போட்ட கதை.

அடுத்தது, வீடு எவ்வளவு கொடுக்கும் என்பது. உங்கள் இணைப்பு 30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்று வைத்துக்கொள்கிறேன், இங்கே அனேக வீடுகளில் அதுதான். 230 வோல்ட்டில் 30 அம்பியர் என்றால் முழு வீட்டுக்குமே 6.9 கிலோவாட். 7 கிலோவாட் பெட்டி தனியாக 32 அம்பியர் கேட்கும். ஏசியும் தண்ணி மோட்டரும் ஓடுகிற நேரத்தில் காரையும் குத்தினால் மீற்றருக்குக் கீழே உள்ள பிரேக்கர் விழும். விழாமல் இருந்தால் இன்னும் மோசம், எங்கோ ஒரு ஜொயின்ற் சூடேறிக்கொண்டிருக்கிறது.

"அப்ப த்ரீ பேஸ் எடுப்போம்" என்று சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். 30 அம்பியர் த்ரீ பேஸ் என்றால் ஒரு பேஸுக்கு 30. சிங்கிள் பேஸ் 32 அம்பியர் பெட்டியை அதில் ஒரு பேஸில் மாட்டினால் பழைய பிரச்சினைதான். பெட்டியை 25 அம்பியருக்குக் குறைத்து, ஏசியையும் மோட்டரையும் மற்ற ரெண்டு பேஸுக்கு மாற்றினால்தான் த்ரீ பேஸ் எடுத்ததில் பிரயோசனம். மூன்று பேஸிலும் எடுக்கிற கார் என்றால் 16 அம்பியர் வீதம் 11 கிலோவாட் போகும். வாங்கப்போகிற கார் அப்படிப்பட்டதா என்று கேட்டுவிட்டு மறுகா விண்ணப்பம் போடுங்கள்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? கல்முனைக்குப் போய்வர 80 கிலோமீற்றர் என்று தாராளமாகவே வைப்போம். கிலோமீற்றருக்கு 0.15 யூனிட் படி 12 யூனிட். சார்ஜ் ஏறும்போது பத்து வீதம் வீணாகும் என்றால் மீற்றரில் 13 யூனிட் சொச்சம் ஓடும். 16 அம்பியரில், அதாவது 3.7 கிலோவாட்டில், நாலு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இரவு 11 மணிக்குத் தொடங்கினால் சுபஹு பாங்குக்கு முன்னமே கார் தயார். ஆகவே என் பதில்: அம்பியரைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பெட்டி ஒன்றை வாங்கி 16இல் வையுங்கள். 32 வரை போகிற பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த வரம்பைப் பெட்டிக்குள்ளே உள்ள சுவிட்சில் பூட்ட வேண்டும். ஃபோன் ஆப்பில் மட்டும் வைத்தால் ஒருநாள் பிள்ளைகள் கைபட்டு 32க்குப் போகும்.

கேபிள் பெட்டியோடு ஒட்டியதாக இல்லாமல், டைப் 2 என்கிற வகைத் துவாரம் (கேபிளைக் குத்துகிற வாய்) உள்ள பெட்டியாக எடுங்கள். இன்றைக்கு டைப் 1 வாய் உள்ள ஜப்பான் கார், நாளைக்கு டைப் 2 வாய் உள்ள கார் என்று மாறினால் கேபிளை மட்டும் மாற்றலாம். சீன உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த கார்களின் வாய் வேறு. அதற்கான கேபிளைக் காரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம்.

13 அம்பியர் பிளக்கில் குத்தவே கூடாதா? குத்தலாம், 8 அல்லது 10 அம்பியரில் பூட்டிய போர்ட்டபிள் சார்ஜர் என்றால். கேத்தல் ரெண்டு நிமிசத்தில் நிற்கும், கார் ஆறு மணித்தியாலம் விடாமல் இழுக்கும், வித்தியாசம் அதுதான். பிளக்குக்குள் இருக்கிற பியூஸே ஒரு சின்ன ஹீட்டர். அது இருக்கிற பக்கத்துக் கால்தான் முதலில் கறுக்கும். மலிவு பிளக் பேஸில் உள்ளே இருக்கிற தகடு கொஞ்ச நாளில் இளகும், இளகினால் சூடு, சூடானால் இன்னும் இளகும். எக்ஸ்டென்ஷன் கோர்ட், மல்டி பிளக் ரெண்டும் வேண்டவே வேண்டாம். ஜப்பான் காரோடு வருகிற போர்ட்டபிள் 200 வோல்ட்டுக்குச் செய்தது, 15 அம்பியர் வரை இழுக்கும். அதன் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் பூட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. பிளக் உருகுவது இப்படித்தான்.

இனி எர்த். ஆறுதலாக வாசியுங்கள்.

நம்முடைய வீடுகளில் எர்த் வெளியிலிருந்து வருகிற மின் கம்பியில் வருவதில்லை, வீட்டு வளவில் நாமே அடிக்கிற கம்பிதான். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க மணல். காய்ந்த மணலில் கரண்ட் லேசில் இறங்காது. மாரியில் நன்றாக வேலை செய்த எர்த், ஆடி ஆவணியில் பேருக்குத்தான் இருக்கும். நாலடிக் கம்பி காய்ந்த மணலோடு நின்றுவிடும். எட்டடிக் கம்பி அடித்தால் கரையோரத்தில் பெரும்பாலும் ஈர மணலைத் தொடும். ஒன்று போதாவிட்டால் இரண்டாவதை எட்டடிக்குக் குறையாமல் தள்ளி அடித்துச் சேருங்கள், பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் பலனில்லை. உப்பும் கரியும் போடுவது பழைய பழக்கம், உப்புக் கிளம்பை அரித்துவிடும், ஈரத்தைப் பிடித்து வைக்கிற பெண்டோனைட் என்ற களிமண் நல்லது. அம்பாறைப் பக்கம் களிமண் வயல் நிலத்தில் இந்தக் கரைச்சல் குறைவு.

எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குள் கொண்டுவரப் பாருங்கள். மல்டிமீற்றரை லைவுக்கும் எர்த்துக்கும் வைத்து "பாருங்க, 230 காட்டுது" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். மல்டிமீற்றர் எடுக்கிற கரண்ட் ஒரு துளி, உதவாத எர்த்திலும் 230 காட்டத்தான் செய்யும்.

எர்த் சரியில்லாவிட்டால் பெட்டி சிவப்பு லைற் போட்டு நிற்கும். அந்த நேரத்தில்தான் நம் ஊர் மூளை வேலை செய்கிறது: பிளக் பேஸுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் கட்டிவிடுவது. பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். ட்ரிப் சுவிட்சுக்கு (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்) பிறகு அப்படிக் கட்டினால் ட்ரிப் விழும், ஆகவே அந்த லைனை ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே இழுத்துவிடுவார்கள். இப்போது பாதுகாப்பும் இல்லை, எர்த்தும் இல்லை. காற்றில் தென்னோலை விழுந்து வெளியில் நியூட்ரல் கம்பி அறுந்தது என்று வையுங்கள். வீட்டில் எரிகிற பல்பு வழியாக வருகிற கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் உடம்புக்கு வரும். கார் ரப்பர் டயரில் நிற்கிறது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் கதவைத் தொடுகிறார். "எங்கட வீட்டில ரெண்டு வருசமா அப்படித்தான், ஒண்டும் ஆகல்ல" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நியூட்ரல் இன்னும் அறவில்லை, அவ்வளவுதான். ஜெனரேட்டரில் குத்தினாலும் பெட்டி எர்த் இல்லை என்று நிற்கலாம், அங்கேயும் இந்த வேலை வேண்டாம்.

ட்ரிப் சுவிட்சிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய வீடுகளில் இருப்பது அனேகமாக ஏசி (AC) வகை, அதாவது சாதாரண வீட்டுக் கரண்டின் கசிவை மட்டும் பிடிப்பது. காரிலிருந்து டிசி (பற்றரிக் கரண்ட் மாதிரி ஒரே திசையில் ஓடுவது) கசிவு 6 மில்லி அம்பியருக்கு மேல் வந்தால் அந்த ட்ரிப்பின் உள்ளே உள்ள வளையம் மரத்துப்போகலாம், பிறகு குளியலறையில் ஷொக் அடித்தாலும் விழாமல் போகும். ஆகவே காரின் லைனை வீட்டு ட்ரிப்புக்குப் பின்னால் எடுக்காதீர்கள். மெயின் சுவிட்சிலிருந்தே பிரித்து, தனிச் சின்னப் பெட்டி ஒன்றில் 30 மில்லி அம்பியர் ஏ வகை ட்ரிப்பும் பிரேக்கரும் போடுங்கள். சார்ஜர் பெட்டிக்குள் 6 மில்லி அம்பியர் டிசி கண்டுபிடிப்பு இருக்கிறது என்று அதன் விவரத்தாளில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் பி வகை ட்ரிப் தேவை, அதன் விலை உங்களைச் சுடும். இடி மின்னல் நமக்குப் புதிதல்ல, திடீரென ஏறுகிற வோல்ட்டை எர்த்துக்குத் தள்ளுகிற சேர்ஜ் அரெஸ்டர் ஒன்றையும் அதே பெட்டியில் போட்டுவிடுங்கள். எர்த் நல்லதாக இருந்தால்தான் அதுவும் வேலை செய்யும்.

வயர்: 16 அம்பியருக்கு 20 அம்பியர் பிரேக்கர், 7/0.85 வயர் (0.85 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை). 25 அம்பியருக்கு 32 பிரேக்கர், 7/1.04. 32 அம்பியர் வேண்டுமென்றால் 40 பிரேக்கர், 7/1.35. கடைசியைப் பார்த்து "7/1.04 தாங்குமே" என்பார்கள். 30 பாகை அறையில் தாங்கும். நம் வெயிலில், குழாய்க்குள், மணிக்கணக்காக என்றால் 40 அம்பியர் பிரேக்கரால் அந்த வயரைக் காப்பாற்ற முடியாது. எர்த் வயரும் அதே தடிப்பு. இடையில் ஜொயின்ற் கூடாது.

மாட்டுகிற இடத்தைப் பொறுத்தவரை, 2011 ஜனவரி வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று வீட்டில் ஒரு வயசாளி சுவரைத் தொட்டுக் காட்டுவார். அதற்கு மேலே ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். தண்ணி வளவுக்குள் வரத் தொடங்கினாலே மெயினில் ஓஃப் பண்ணிவிட்டுக் கேபிளைத் தூக்கி மேலே போடுங்கள். நேர் வெயில் படக்கூடாது, சூடேறினால் பெட்டி தானாகவே அம்பியரைக் குறைக்கும், நீங்கள் காரில் பிழை என்று நினைப்பீர்கள். வயர் நுழைகிற ஓட்டைகளை கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுகுகிற மூடி) போட்டு இறுக்க வேண்டும். தண்ணியை விட எறும்பும் பல்லியும்தான் உள்ளே போய்ச் சேதம் செய்வது. கடற்காற்றில் வெறும் செம்புக் கம்பி பச்சை பிடிக்கும், முனைகளில் தகரம் பூசிய லக் (வயர் முனைக்குப் போடுகிற உலோகத் தொப்பி) அடித்து ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போதே ஒரு எரிச்சல் வருகிறது, சொல்லிவிடுகிறேன். "இலவசப் பொருத்தல்" என்று கொழும்பில் விளம்பரம் செய்கிறவர்கள், சின்ன எழுத்தில் கிழக்குக்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். வந்து பொருத்துகிற பையன் எர்த் டெஸ்டர் கொண்டுவருவதில்லை. பத்திரங்கள் சிங்களத்தில், கையேடு இங்கிலீசில், ஆப் சில நேரம் சீனத்தில். லட்சக்கணக்கில் காசு வாங்குகிற காருக்கு நாலு பக்கம் தமிழில் அச்சடிக்க முடியாதா? கையொப்பம் வைக்கச் சொல்கிற தாளில் "எர்த் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கக்கூடும். வாசித்துச் சொல்ல ஆள் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். சரி, விசயத்துக்கு வருவோம்.

கரண்ட் பில்லைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாளுக்கு 13 யூனிட், மாதம் 25 நாள் என்றால் 330 யூனிட் கிட்ட. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, 180 யூனிட்டைத் தாண்டினால் மிகக் கூடிய படி. ஆகவே காரின் யூனிட்டில் பெரும்பகுதி அந்த உச்சிப் படியில்தான் விழும். நேரவாரிக் கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை கடும் விலை. அந்த நாலு மணித்தியாலத்தில் ஓடுகிற ஏசியும் அதே விலைக்குத்தான் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். எந்தக் கட்டணமாக இருந்தாலும் இரவு 10.30க்குப் பிறகு தொடங்கும்படி காரில் நேரம் வையுங்கள். மாலையில் வோல்ட் இறங்குகிற ஒழுங்கைகளில் அது இன்னும் அவசியம். பழைய லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டல் கிடையாது, நண்பகல் ஓடிவந்த சூட்டோடு குத்தாமல் ஆறவிட வேண்டும்.

பொருத்தி முடிந்த முதல் நாள் இரவு இதைச் செய்யுங்கள். கார் குத்தாமல் வோல்ட்டை அளந்து எழுதுங்கள். குத்தி அரை மணித்தியாலம் கழித்து, சார்ஜர் பெட்டியின் வாயிலும் மெயின் சுவிட்சிலும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மெயினில் 228, பெட்டியில் 216 என்றால் உங்கள் வயரிலோ ஜொயின்ற்றிலோ பிழை. மெயினிலேயே பத்து வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வெளிக் கம்பியில் பிழை இருக்கலாம், மின்சார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியது. பிரேக்கரின் முகத்தில் கை வையுங்கள், ஐந்து செக்கன் வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஓஃப் பண்ணுங்கள். ட்ரிப்பின் டெஸ்ட் பொத்தானை அமத்தினால் உடனே விழ வேண்டும். ஒரு மாதம் கழித்து, மெயினை ஓஃப் பண்ணி எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். புதிய வயர் சூடேறி ஆறும்போது ஸ்க்ரூ கொஞ்சம் இளகலாம்.