‘ரன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘ஓடு’ மட்டும்தான் பொருளா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்கள் தருகிறது. பயப்பட வேண்டாம், பல இடங்களில் நம்ம ‘ஓடு’வே கைகொடுக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது: எல்லாமே ரன்தான்.

ஒருவர் மெஸ்ஸை ‘ரன்’ பண்ணுகிறார் என்றால், நடத்துகிறார். இங்கே மேனேஜ், ஆப்பரேட் இரண்டும் பொருந்தும். ஆனால் மேனேஜ் என்றால் முதலாளி வேறொருவர் என்ற சாயலும் வந்துவிடும்.

நிறையப் பேர் தடுமாறுவது சாயத்தில்தான். கண்டாங்கிச் சேலையை முதல் தடவை தண்ணீரில் முக்கும்போது அரக்குச் சிவப்பு இறங்கிப் பக்கத்து மஞ்சள் கட்டத்தில் பிடித்துக்கொண்டால், அதுவும் ரன். இதற்கு மாற்றுச்சொல் பிளீட். தயவுசெய்து ஃபேட் போடாதீர்கள். அது வெயிலில் காய்ந்து வெளுப்பது. நாம் இரண்டையும் ‘சாயம் போச்சு’ என்றே சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம்.

அப்புறம், தேர்தலில் போட்டியிடுவதும் அமெரிக்க ஆங்கிலத்தில் ரன். பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போலவே ‘நிற்கிறார்’ என்ற பொருளில் ஸ்டாண்ட் என்பார்கள். கன்டெஸ்ட் என்று எழுதினால் இங்கே எல்லோருக்கும் புரியும்.