தொட்டிக்குள் கல்லைப் போட்டால் சுவருக்கு என்ன ஆகும்?

கேள்வி: சிங்கி இறாலை உயிரோடு வைத்து விற்கிறோம். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் சிமெண்ட் தொட்டி; அரை மீட்டர் உயரத்துக்குக் கடல்தண்ணீர் நிற்கும். இறால் ஒதுங்க இடம் வேண்டும் என்று கொழுந்தனார் சுமார் 250 கிலோ கல்லை உள்ளே அடுக்கினார். இப்போது அடியோரம் கசிகிறது. "ஒரு வாளித் தண்ணீர்கூடக் கூட ஊற்றவில்லை, அழுத்தம் எப்படிக் கூடும்?" என்கிறார் அவர். மாமியாரோ கல்லை எடுக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மாமியார் பக்கம்தான் நியாயம் அம்மா. கொழுந்தனார் எத்தனை வாளி என்று பார்க்கிறார். அழுத்தத்துக்கு வாளிக் கணக்கு கிடையாது, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. பாத்திரம் எந்த வடிவமாக இருந்தாலும் இதுதான் விதி என்று 1586-லேயே சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் எழுதி வைத்துவிட்டார்.

250 கிலோ கல் ஏறக்குறைய 100 லிட்டர் இடத்தை அடைக்கும். அங்கே இருந்த தண்ணீர் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் தொட்டியில் அது 5 சென்டிமீட்டர். ஆக, அடியில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. கல்லுக்குப் பக்கத்தில்தான் அதிகம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம்தான்.

சுவர் படும் பாடு இதைவிட அதிகம். உயரம் ஏறும்போது அழுத்தமும் ஏறுகிறது, தண்ணீர் தொட்டுத் தள்ளுகிற பரப்பும் ஏறுகிறது. நீளச் சுவர் ஒன்றை முன்பு சுமார் 256 கிலோ பாரத்தின் அளவுக்குத் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது 310 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது. சுவரை அடியில் பெயர்த்துச் சாய்க்கப் பார்க்கும் வேகமோ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். அடியோரம் கசிகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

அழுத்தம் கூடியது உண்மை என்றாலும், மாமியார் சொல்வதுபோல் கல்லை எடுக்க வேண்டியதில்லை. முதலில் தண்ணீரை இறக்கிக் கசிவை அடையுங்கள். பிறகு தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரைத் துளைத்து ஒரு வழிகுழாய் வையுங்கள். அதற்குப் பிறகு கல் போட்டால் அந்த அளவு தண்ணீர் வெளியே போய்விடும்; மட்டம் மாறாது, தண்ணீரின் அழுத்தமும் மாறாது.

ஆனால் தொட்டியின் மொத்தப் பாரம் வேறு கணக்கு. கல்லின் 250 கிலோவில் நூறு கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது, மீதி சுமார் 147 கிலோ கல் ஊன்றியிருக்கும் இடங்களில் நேராகத் தரையில் இறங்குகிறது. வழிகுழாய் வைத்தாலும் இந்த 147 கிலோ குறையாது. தொட்டி தரையில் இருந்தால் பயமில்லை. மாடியில் இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. உள்ளே கிடப்பது பவளப்பாறையாக இருக்கக்கூடாது. அதை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதுவும் மன்னார் வளைகுடா ஓரத்தில் இருந்துகொண்டு நாமே அதைச் செய்யலாமா? ஹாலோ பிளாக் போடுங்கள். இறால் அதன் துளைக்குள் ஒதுங்கும். துளைக்குள் தண்ணீர் புகுந்துகொள்வதால் மட்டமும் அவ்வளவாக ஏறாது.

கேள்வி: கல்லை அடியில் வைக்காமல், கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால்? பாரத்தைக் கயிறுதானே தாங்குகிறது?
– பிளஸ் ஒன் மாணவர், தேவிபட்டினம்

பதில்: நல்ல கேள்வி தம்பி. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வை. டம்ளரைத் தொடாமல் ஒரு விரலை மட்டும் முக்கு. எண் சில கிராம் ஏறும். உன் கையைத் தாங்குவது உன் தோள், ஆனாலும் தராசு ஏறுகிறது! விரல் ஒதுக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு ஏறும். தண்ணீர் விரலை மேலே தள்ளுகிறது, விரல் அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. மட்டம் உயர்ந்து அடியில் அழுத்தம் கூடுகிறது. கல்லுக்கும் இதேதான். கயிறு தாங்குவது கல்லின் முழு எடையை அல்ல, தண்ணீர் தாங்கியது போக மீதியை மட்டும். விரலை அடிவரை இறக்கி டம்ளரை அழுத்திவிடாதே, கணக்கு கெட்டுவிடும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லைப் பார்த்தோம். மிதக்கிற பொருளும் அழுத்தத்தைக் கூட்டுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: கூட்டும். துளைகளில் காற்று அடைபட்டிருப்பதால் அந்தக் கல் மிதக்கிறது. மிதக்கிற எதுவும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும். மூன்று கிலோ கல் மிதந்தால், அதே மூன்று கிலோ தண்ணீரை ஊற்றினால் மட்டம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏறும். தொட்டி ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்திருந்தால் மட்டும் மூன்று கிலோ தண்ணீர் வழிந்துபோய், அழுத்தமும் மொத்தப் பாரமும் இரண்டுமே முன்பிருந்தபடி இருக்கும்.