ஆடம்பரத்தையும் ஒழுக்கக்கேட்டையும் சட்டம் போட்டுத் தடுக்க முடிந்த நாடு உண்டா?

பழைய ரோமாபுரி படாத பாடு பட்டுப் பார்த்தது. பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது என்று கி.மு. 215இல், போர் நெருக்கடியில், சட்டம் வந்தது. போர் முடிந்தும் அது நீடிக்கவே, கி.மு. 195இல் பெண்கள் தெருவில் திரண்டு நீக்கவைத்தார்கள். நீக்கக் கூடாது என்று வாதிட்ட ஆட்சித் தலைவர் கேட்டோவின் எதிர்ப்பு எடுபடவில்லை.

விருந்துச் செலவுக்கு வரம்பு கட்டிய சட்டங்களும் அப்படித்தான். ஜூலியஸ் சீசர் சந்தையைச் சுற்றிக் காவலர்களை நிறுத்தினார். அவர்கள் கண்ணில் தப்பிய, தடைசெய்யப்பட்ட பதார்த்தங்களைச் சாப்பாட்டு மேசையிலிருந்தே அள்ளிவர ஆள் அனுப்பினாராம். (கடன் வாங்கிக் கேளிக்கை விழா நடத்திப் பெயர் வாங்கியவரும் இதே சீசர்தான்!)

பிறன்மனை நாடுவதைப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18இல் குற்றமாக்கினார். கி.மு. 2இல் அதே பழிக்காக நாடுகடத்தப்பட்டவர் அவருடைய ஒரே மகள் ஜூலியா. கி.பி. 22இல் ஆடம்பரத்துக்கு எதிராகப் புதிய நடவடிக்கை வேண்டும் என்று செனட் சபை கேட்டபோது, பேரரசர் டைபீரியஸ் கையை விரித்துவிட்டார்.