44 பேரும் பஸ் ஏற வேண்டும்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறேன். வகுப்புத் தலைவி. வகுப்பில் 44 பேர், சரிபாதி பெண்கள். ஜனவரியில் கன்னியாகுமரிக்கு ஒருநாள் டூர், பிப்ரவரியில் ஃபேர்வெல் என்று பேசியிருக்கிறோம். பஸ் வாடகை 27,000, டி-ஷர்ட் 250, சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,200 என்றதும் நான்கு பேர் "வரலை" என்றுவிட்டார்கள். பணம்தான் காரணம் என்று தெரியும், கேட்கத் தயக்கம். ஃபேர்வெல்லுக்கு ஒரே நிறப் புடவை எடுக்கணும் என்று ஒரு கூட்டம். கடைசிப் பரீட்சை அன்று இங்க் அடிப்போம் என்று பையன்கள். எதை எப்படிச் செய்வது?

பதில்: அன்பு மாணவிக்கு, அந்த நான்கு பேரைக் கவனித்தீர்களே, அதற்கே உங்களைத் தலைவியாக்கியது சரி. கணக்கையும் அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

முதலில் டி-ஷர்ட்டை எடுத்துவிடுங்கள். ஒருநாள் போட்டுவிட்டு அலமாரிக்குப் போகிற துணி அது. 1,200 உடனே 950 ஆகிறது. காலைச் சாப்பாட்டை வீட்டிலிருந்து பொட்டலமாகக் கொண்டுவரச் சொன்னால், இரவுக்கும் ஓட்டலில் உட்காராமல் இட்லி பார்சல் என்று வைத்துக்கொண்டால், இன்னொரு நூறு குறைந்து 850-க்கு வரும். இப்போது 44 பேருக்கும் மொத்தச் செலவு 37,400 ரூபாய். இதை 40 பேரால் வகுத்தால் ஆளுக்கு 935. அதாவது நீங்கள் முதலில் கேட்ட தொகையைவிட 265 ரூபாய் குறைவாகக் கொடுத்தே, 40 பேர் 44 பேரையும் கூட்டிப்போகலாம். வகுப்பில் "950" என்று மட்டும் அறிவியுங்கள். மீதி 600 ரூபாய் மருந்துப் பெட்டிக்கும் தண்ணீர் கேனுக்கும்.

பணத்தை வகுப்பாசிரியர்தான் வாங்க வேண்டும், ஒட்டிய கவரில், மூன்று தவணையாக. யார் கொடுத்தார்கள் என்ற பட்டியல் அவரிடம் மட்டும் இருக்கட்டும். பாக்கி வைத்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம். அந்த நால்வரிடமும் நீங்கள் நேரில் பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆசிரியர் தனித்தனியாகக் கூப்பிட்டு "உன் பேரைச் சேர்த்துட்டேன்" என்றால் போதும். பஸ்காரரிடம் பேசும்போது டீசல், டோல், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா எல்லாம் 27,000-க்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கடைசி நேரத்தில் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இந்த நான்கில்தான். போகிற வழியில் யாராவது "அப்படியே திருவனந்தபுரம்" என்றால் மறுத்துவிடுங்கள். கேரள எல்லை தாண்ட பெர்மிட் தனி, செலவும் தனி.

தேதியைப் பொறுத்தவரை, சபரிமலையில் ஜனவரி 20 வாக்கில் நடை சாத்தும்வரை கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெரியும். பிப்ரவரியில் உங்களுக்குச் செய்முறைத் தேர்வு வந்துவிடும். எனவே குடியரசு தினம் தாண்டி, தைப்பூசம் விழாத ஒரு புதனோ வியாழனோ பாருங்கள். கல்வி அலுவலக அனுமதிக்குத் தலைமை ஆசிரியர் விண்ணப்பிக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். டிசம்பரிலேயே ஆரம்பித்தால்தான் கைக்கு வரும். பெண் ஆசிரியர் இருவராவது உடன் வரட்டும்.

சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று நள்ளிரவில் கிளம்பும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப்போனது. அதை நாங்கள் முழுமனதோடு எதிர்க்கிறோம். சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தை ஓட்டுநர் தூக்கம் கெட்டு ஓட்டுவார், திரும்பும்போதும் அவரேதான் ஓட்ட வேண்டும். பிள்ளைகளும் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார்கள். ஜனவரியில் அங்கே சூரியன் கடலுக்குள் இறங்குவதையும் பார்க்கலாம், ஆறரை மணி வாக்கில். காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் படகுத்துறை. பத்து மணிக்கு மேல் அந்த வரிசை கோயில் வரிசை மாதிரி நீளும். முதலில் விவேகானந்தர் பாறை; அங்கிருந்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக 133 அடி வள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம். கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம் என்று கரையிலேயே காலையை வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் பக்கத்திலேயே இருக்கும் வட்டக்கோட்டை ஒன்று போதும். பத்மநாபபுரம் அரண்மனை அருமையானதுதான், ஆனால் தக்கலை பக்கம் போய்த் திரும்புவதற்குள் அந்தி கைவிட்டுப் போகும்.

பிள்ளைகள் பிரிந்து போவது படகில்தான். ஒரே படகில் எல்லோருக்கும் இடம் கிடைக்காமல் போகலாம். முதல் படகில் ஓர் ஆசிரியர், கடைசிப் படகில் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 44 வரை ஆளுக்கோர் எண் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அவரவர் எண்ணை அவரவரே சொல்லட்டும். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் "வந்தாச்சு" என்றுதான் பதில் வரும், வராதவன் குரல் கேட்காது. ஓடுகிற பஸ்ஸில் நடுவழியில் நின்று ஆட்டம் போடுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு சடன் பிரேக் போதும். பாட்டு உட்கார்ந்தே பாடலாம். முக்கடல் சங்கமத்துப் பாறைகள் வழுக்கும், கால் நனைப்பதோடு சரி.

ஃபேர்வெல்லுக்கு வருகிறேன். ஒரே நிறம் என்றால் 22 வீட்டில் 22 புதுப் புடவை. "வீட்டில் இருக்கிற புடவை, அம்மாவுடையதோ அக்காவுடையதோ" என்று விதியை மாற்றுங்கள். போட்டோவிலும் பல நிறம்தான் அழகு. கட்டிவிட ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். கட்டத் தெரிந்த நான்கு பேர் இருந்தால் 22 பேருக்கு ஒன்றரை மணி நேரம். பத்து மணி விழாவுக்கு எட்டு மணிக்கே அறை திறந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆறு ஊக்கு. பையன்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி.

ப்ளஸ் ஒன் பிள்ளைகள் கையில் மெழுகுவத்தி கொடுத்து வரிசையாக ஏற்றும் சடங்கு இருந்தால், அதை மேசைமேல் அகல்விளக்காக மாற்றச் சொல்லுங்கள். முந்தானையும் மின்விசிறிக் காற்றும் மெழுகுவத்தியும் ஒரே இடத்தில் கூடாது. பட்டப்பெயர் சூட்டும் நிகழ்ச்சியில் நிறம், உடம்பு, சாதி, காதல் நான்கையும் தொடும் எதையும் முன்கூட்டியே வாசித்து நீக்கிவிடுங்கள். மேடையில் சிரித்துவிட்டு வீட்டில் போய் அழுகிற பிள்ளை உண்டு.

குரூப் போட்டோவை ஃபேர்வெல் அன்று வைக்காமல் வேறொரு நாள், காலை எட்டேகால் முதல் ஒன்பதுக்குள், கட்டட நிழலில் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் எல்லோர் கண்ணுக்கும் கீழே கருநிழல் விழும். தரையில் 12 பேர், நாற்காலியில் ஆசிரியர்கள், பின்னால் நிற்பவர் 16, பெஞ்சின்மேல் 16. பெஞ்சிலிருந்து இறங்கும்போது ஓரத்தில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் பெஞ்சு கவிழும். நடுவிலிருப்பவர்கள் கடைசியாக இறங்கட்டும். எட்டு படமாவது எடுத்தால்தான் கண் மூடாத ஒன்று தேறும். வரிசை கலைவதற்குள் இடமிருந்து வலமாகப் பெயர்களை இனிஷியலோடு எழுதிவிடுங்கள்.

இங்க் விஷயத்தில் பையன்களிடம் இதைச் சொல்லுங்கள்: கடைசிப் பரீட்சை எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாது, பாடத்தைப் பொறுத்து மாறும். அன்று அடித்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், மறுநாள் பரீட்சை உள்ளவன் சட்டையும் கெடும். ஃபேர்வெல் முடிந்த மாலை, பழைய வெள்ளைச் சட்டையில் ஒருவருக்கொருவர் எழுதட்டும். பர்மனென்ட் மார்க்கர் வேண்டும், பேனா மை துவைத்தால் ஓடிவிடும். சட்டைக்குள் ஓர் அட்டையைச் செருகினால் முதுகுப் பக்கம் ஊறாது. ஒருநாள் காயவிட்டு, திருப்பிப்போட்டு இஸ்திரி போட்டால் எழுத்து நிற்கும்.

ஆட்டோகிராஃப் நோட்டு 44 சுற்றுவதைவிட, வகுப்புக்கு ஒரே புத்தகம் செய்யலாம். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும், கறுப்புப் பேனாவில். நீலம் ஜெராக்ஸில் மங்கும். இடப்பக்கம் ஓர் அங்குலம் விட்டால்தான் ஸ்பைரல் துளை எழுத்தைத் தின்னாது. செல்போன் எண் கட்டாயமில்லை, குறிப்பாகப் பெண்களுக்கு. தாளைப் பொங்கல் விடுமுறைக்கு முன்பே கொடுத்து, பள்ளி திறந்த முதல் வாரத்தில் வாங்கிவிடுங்கள். அந்த நால்வரின் தாள் கைக்கு வரும் முன் ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.