படுக்கையருகே கைப்பேசி: செவிலியர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வார்டு செவிலியராகப் பணிபுரிகிறேன். சந்தேகம் வந்தால் கைப்பேசியில் வழிகாட்டுதலை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ‘சிஸ்டர் டியூட்டி நேரத்தில் செல்போன் நோண்டுகிறார்’ என்று ஒரு நோயாளியின் வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள். இனி கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு வார்டுக்குள் வர வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர். நான் செய்தது தவறா?
— ஒரு செவிலியர், கோத்தகிரி

பதில்: எடுத்துப் பார்த்ததில் தவறு ஒன்றும் இல்லை, சகோதரி. ஆனால் நீங்கள் பார்ப்பது மருந்தின் அளவையா, வந்த செய்தியையா என்பது கட்டிலில் படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? கைப்பேசியை எடுக்கும் முன், “பாட்டி, இந்த மருந்தை எவ்வளவு நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால் திரையையும் காட்டுங்கள். மேற்பார்வையாளரிடம் வார்டுக்கென்று ஒரு டேப் (கையடக்கக் கணினி) கேட்டுப் பாருங்கள். அதில் வழிகாட்டுதல்களும் மருந்து அளவுக் கணக்கும் மட்டும் இருக்கட்டும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் முன் அதைத் துடைப்பதும் கை கழுவுவதும் கட்டாயமாகட்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2000-களிலேயே செவிலியர்களுக்குக் கையடக்கக் கருவிகளைக் கொடுத்து, அம்மாநிலச் செவிலியர் சங்கத்தின் வழிகாட்டுதல்களைப் படுக்கையருகிலேயே படிக்கச் செய்தார்கள். ஆகவே நீங்கள் கேட்பது புதுமையான சலுகை அல்ல.

இதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி பெற்ற காலத்தில், நெடுநாள் படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டியபின் முதுகிலும் இடுப்பெலும்பின் மேலும் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்த இடத்தை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துவிடக் கற்றுத் தந்தார்கள். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையை வைப்போம். உட்காரும் இடத்துக்கு ஏர் ரிங் என்ற காற்றடைத்த வளையத்தை வைப்போம். எல்லாம் அக்கறையோடுதான் செய்தோம். படுக்கைப்புண் பற்றிய 2014-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் இம்மூன்றையும் விலக்கச் சொல்கிறது. ஏற்கெனவே இரத்த ஓட்டம் குன்றிய தசையைத் தேய்த்தால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் மேலும் சிதையும். வளையம் தன் விளிம்பு படும் இடத்தை அழுத்தும். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்து, அது வெளுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் சூட்டையும் கடினத்தையும் பக்கத்துத் தோலோடு ஒப்பிட வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். இதை எனக்குக் காட்டியது ஒரு மாணவியின் கைப்பேசி. நான் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கி அந்தப் பக்கத்தை நீட்டினாள். அந்த நோயாளியின் முதுகுக்கு அது தாமதமாக வந்த செய்தி என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

கேள்வி: உதகையில் காலை நேரத்தில் முதியவர்களுக்கு விரலில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினால் 92, 93 சதவீதம் என்று காட்டுகிறது. கருவி பழுதா, மலைக்காற்றின் இயல்பா?
— ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: இரண்டும் இருக்கலாம், உண்மையான நோயும் இருக்கலாம், அதனால்தான் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான் என்பதால், நல்ல உடல்நலம் உள்ளவருக்குக்கூட அளவு சமவெளியைவிட இரண்டொரு புள்ளி குறைந்து காணப்படும். உறைபனிக் காலத்தில் விரல் சில்லிட்டு இரத்த ஓட்டம் சுருங்கினால் கருவி தடுமாறும். கையை உங்கள் இரு கைகளுக்குள் பொத்திச் சூடேற்றி, நகப்பூச்சை அகற்றி, திரையில் துடிப்பு அலை சீராக ஓடும்வரை காத்திருந்து, கருவி காட்டும் நாடித்துடிப்பு நீங்கள் எண்ணிய நாடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின் குறித்துக்கொள்ளுங்கள். கருவி தவறினால் குறைத்தே காட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் போதிய அளவு காட்டியும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கருமை நிறத் தோலில் கருவி கூட்டிக் காட்டக்கூடும் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா, பேச முடிகிறதா, நேற்றைய அளவு என்ன என்ற மூன்றையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) டவரே கிடைக்காது. ரிஜிஸ்டரிலும் எழுதி, இரவில் வீட்டுக்குப் போய் இணையத்திலும் ஏற்றுகிறேன். இதனால் தாய்மாருக்கு என்ன பயன்?
— ஒரு செவிலியர், மஞ்சூர் பகுதி

பதில்: ஒரே விவரத்தை இரண்டு முறை எழுத வைப்பது அநியாயம், அதைப் பதிவு செய்துவிட்டே பதிலுக்கு வருகிறேன். கர்ப்பிணிகளின் விவரம் ஏறும் நம் மாநிலத்தின் பிக்மி போன்ற பதிவுகள் மேலே போவதோடு நின்றால் அது கணக்கெழுத்து வேலை மட்டுமே. அது உங்களிடம் திரும்பி வர வேண்டும். இந்த வாரம் எந்தத் தாய்க்கு ஹீமோகுளோபின் குறைவு, யார் பரிசோதனைக்கு வரவில்லை, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி தவறியது என்ற பட்டியலை மாதக் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டவர் இல்லாத இடத்தில் பதிந்து, சிக்னல் வந்ததும் தானே அனுப்பும் வசதி செயலியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சிக்னலே இல்லாமல் உங்கள் கைப்பேசி உயிர் காக்கும் ஒரு வேலை உண்டு. இருமும் குழந்தை அழாமல் இருக்கும்போது தாயின் மடியிலேயே வைத்து, சட்டையை உயர்த்தி, கைப்பேசியில் டைமரை ஓடவிட்டு, முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது நிறையும்வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அல்லது அவற்றுக்கு மேல் மூச்சு இருந்தால் அது நிமோனியாவைச் சுட்டக்கூடிய வேக மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரட்டிக்க வேண்டாம். குழந்தையின் மூச்சு சீராக இருப்பதில்லை.

கேள்வி: புண்ணைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பலாமா?
— ஒரு செவிலியர், குன்னூர்

பதில்: நோயாளியின் சம்மதத்தோடு, முகமும் பெயரும் தெரியாமல், சிகிச்சை தரும் மருத்துவருக்கு மட்டும், மருத்துவமனை அனுமதித்த வழியில் அனுப்பலாம். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அளவு தெரிய, புண்ணின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள்.

கேள்வி: நர்சிங் மாணவி நான். ‘சான்று அடிப்படையிலான பணி’ என்று பாடத்தில் வருகிறது. கைப்பேசியில் சான்றைத் தேடுவது எப்படி?
— ஒரு மாணவி, கூடலூர்

பதில்: இந்த அணுகுமுறையின் முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 1996-இல் தந்த விளக்கத்தில் ஆராய்ச்சிச் சான்றோடு, சிகிச்சை தருபவரின் அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே தேடலை நோயாளியிடமிருந்தே தொடங்குங்கள். உங்கள் ஊருக்கே உரிய உதாரணம் சொல்கிறேன். இந்தியாவில் அரிவாள் செல் சோகை (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய்) பற்றிய முதல் அறிக்கைகளில் ஒன்று, லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றி எழுதியது. இன்றும் அந்த வலியோடு பாடிகள் எனப்படும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். யாருக்கு, எதைச் செய்தால், எதோடு ஒப்பிட, என்ன பலன் என்று நான்கு துண்டுகளாகக் கேள்வியை எழுதுங்கள்: கடும் வலியோடு வரும் அரிவாள் செல் நோயாளிக்கு, வந்தவுடன் வலிமருந்து கொடுத்தால், டோக்கன் வரிசையில் காத்திருப்பதைவிட வலி விரைவில் தணியுமா? அந்தச் சொற்களை ஆங்கிலத்தில், மருத்துவ ஆய்வுகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் இடுங்கள்; 1997 முதல் அது எவருக்கும் இலவசம். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளின் எளிய சுருக்கங்களைப் படியுங்கள். சில தமிழிலும் உண்டு. எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த நாட்டு நோயாளிகள் என்று பார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி மேற்கோள் காட்டும் ஆய்வு சில நேரம் உலகிலேயே இல்லாததாக இருக்கும். மூலத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், வந்த ஒரு மணி நேரத்துக்குள் வலிமருந்து கொடுத்து, 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை வலியை மறுபடி மதிப்பிடச் சொல்கிறது; பிரிட்டனின் 2012 வழிகாட்டுதல் அரை மணி நேரமே தருகிறது. அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டி, எந்த மருந்தை எந்த அளவில் உடனே கொடுக்கலாம் என்ற நிலையான உத்தரவை எழுத்தில் கேட்கும்படி உங்கள் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். அடுத்த நோயாளி வரும்போது, அவர் வாசலில் நுழைந்த நேரத்தையும் முதல் மருந்து உள்ளே போன நேரத்தையும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.