அடிக்கடி அணி மாறும் கால்பந்து வீரர்கள் திறமை குறைந்தவர்கள்தானா?

கேள்வியைப் படித்ததுமே தோன்றியது, இதைக் கேட்பவர் ஒரு பெண்ணின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்க வேண்டும். "பையன் பத்து வருடத்தில் எட்டு கிளப் மாறியிருக்கிறான், எங்குமே நிலைக்கவில்லையே" என்ற குரல் அதற்குள் கேட்கிறது. என்னையும் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் வீட்டு முறுக்கு என் வாயில் இருந்தபோதே கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வருத்தமெல்லாம் இல்லை. முறுக்கு மட்டும் நன்றாக இருந்தது.

நான் பதினோரு சீசனில் ஒன்பது அணிகளுக்கு ஆடியவன். தடுப்பு நடுக்களம். பந்து வருவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது, இருவர் எகிறி மோதிய பிறகு கீழே விழும் பந்தை முதலில் போய் எடுப்பது, எதிரணியின் வேகமான பையன் பாயத் தொடங்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்கிக்கொள்வது, இவைதான் என் வேலை. மறுநாள் செய்தியில் மஞ்சள் அட்டை மட்டும் வரும்.

"திறமை இருந்திருந்தால் பெரிய கிளப் உன்னை விட்டிருக்குமா?" என்று கீழே யாராவது எழுதப்போகிறார்கள். நான் பெரிய ஆட்டக்காரன் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு முப்பது கிளப்களுக்கு மேல் ஆடியவர். அவரை யாரும் நிலையில்லாதவர் என்று சொல்வதில்லை, சாதனை என்கிறார்கள். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை அவர் மெல்லத் தூக்கிப் போட்டதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் முன்களக்காரர், அவருக்காகக் கோல் கணக்கு பேசும். நடுக்களத்தில் இருப்பவனுக்கு எந்தக் கணக்கு பேசும்? ரோஹன் ரிக்கெட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்து, டாட்டன்ஹாம் கிளப்புக்காக அந்நாட்டு உயர் லீகான பிரீமியர் லீகில் ஆடிய நடுக்கள வீரர். பிறகு டொரண்டோ, ஹங்கேரி, மால்டோவா, ஜெர்மனி, அயர்லாந்து என்று சுற்றி, 2012-ல் கோவாவின் டெம்போ கிளப்புக்கு வந்தார். டாட்டன்ஹாம் சட்டை போட்டவருக்கே அந்தப் பயணம் என்றால் எனக்கு ஒன்பது அணி அதிகமா?

இன்னொன்றும் உண்டு. எங்களில் பலர் அணியை விட்டுப் போகவில்லை, அணிதான் எங்களை விட்டுப் போனது. 1996-97-ல் இந்தியாவின் முதல் தேசிய லீகை வென்ற பஞ்சாபின் ஜேசிடி அணி 2011-ல் கலைக்கப்பட்டது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டது. 2016-ல் கோவாவின் மூன்று அணிகள், தேசிய லீகின் இடத்தில் வந்த ஐ-லீகிலிருந்து விலகின, ஐந்து முறை தேசியச் சாம்பியனான டெம்போ உட்பட. அந்த அணிகளில் இருந்தவர்களிடம் போய் ஏன் மாறினாய் என்று கேட்பீர்களா? எனக்குக் கிடைத்த ஒன்பது ஒப்பந்தங்களில் ஏழு, ஒரே ஒரு சீசனுக்கானவை. மே மாதம் முடியும். ஜூனில் நான் வீட்டுத் திண்ணையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடைக்கோடி, தூத்தூர் பக்கம். கடற்கரை மணலில் பந்தாடி வளர்ந்த பையன்கள் அங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அப்பா ஆழ்கடல் மீனவர், போனால் முப்பது நாற்பது நாள் வரமாட்டார். அவர் எத்தனை படகு மாறியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. எந்தப் படகில் பங்கு ஒழுங்காகக் கிடைக்கிறதோ, எந்தப் படகுக்கு ஆள் தேவையோ அதில் ஏறுவார். ஊரில் ஒருவர்கூட அவரைத் தோற்றவர் என்று சொன்னதில்லை.

2014-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதற்காக என்னைத் திட்டப்போகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அப்போது நான் இருந்த கிளப் மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை. பெயர் வேண்டாம். ஒரு வீட்டில் ஆறு பேர், ஒரு கழிப்பறை, அரிசி கடனில் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கேரளத்தின் மலப்புறம் மூன்று மணி நேர பஸ் பயணம். மலப்புறம் என்றால் செவன்ஸ். அறுவடை முடிந்த வயலில் ஏழு பேர் ஏழு பேராக ஆடும் இரவு ஆட்டம், தற்காலிகக் கேலரி, டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் ஆயிரக்கணக்கான ஆட்கள், ஆப்பிரிக்காவிலிருந்து சீசனுக்கென்றே வந்து இறங்கும் வீரர்கள். கால்பந்துச் சங்கம் அதை அங்கீகரிப்பதில்லை. என் ஒப்பந்தத்திலும் வேறு எங்கும் ஆடக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. சம்பளம் மாதத்தின் ஏழாம் தேதிக்குள் என்றும் அதே தாளில்தான் எழுதியிருந்தது.

ஓர் ஆட்டத்துக்கு நாலாயிரம் ரூபாயும் பஸ் கட்டணமும் என்றார்கள். போனேன். வேறு பெயர் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் "தமிழ்நாட்டின் இரும்புச் சுவர்" என்று அறிவித்தார்கள். என் சொந்த கிளப்பின் மைதானத்தில் ஒருநாளும் என் பெயரைச் சரியாக உச்சரித்ததில்லை. இரண்டாம் பாதியில் ஒரு நைஜீரிய வீரர் மேல் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தேன். கேலரி எழுந்து நின்றது. நான் எழவில்லை. கணுக்கால் பெருத்துக்கொண்டே போனது. ஆனால் நாலாயிரத்தை அன்றிரவே கையில் எண்ணிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை பயிற்சியாளரிடம், "சார், படிக்கட்டில் வழுக்கிவிட்டேன்" என்றேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த என் பூட்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்டட்களுக்கு இடையில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "நம் படிக்கட்டில் நெல் விளைகிறதா தம்பி?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். நிர்வாகத்திடம் பயிற்சியில் அடிபட்டதாக எழுதிக் கொடுத்தார். அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இது எங்கோ ஒரு மூலையில் மட்டும் நடப்பதில்லை. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் விசாரித்தபோது, 41 சதவீதம் பேர் முந்தைய இரண்டு ஆண்டுகளில் சம்பளம் தாமதமானது என்றார்கள். 2018-ல் ஃபிஃபா ஒரு விதி சேர்த்தது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கியிருந்தால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். எனக்கு நான்கு வருடம் தாமதமாக வந்த விதி. வந்திருந்தாலும் அன்றைக்கு நான் எழுதியிருப்பேனா? எழுதினால் அடுத்த கிளப்புக்குப் போக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) யார் தருவார்கள் என்றுதான் யோசித்திருப்பேன்.

இப்போது ஒரு நகராட்சி மைதானத்தில் காலையில் பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இங்கே சொல்லாமல் எங்கே சொல்வது? நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கு மைதானத்தைச் சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெனால்டி கட்டத்தின் குறுக்கே நடக்கிறார்கள். நான்கு பேர் வரிசையாக, கைபேசியில் பக்திப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு. பந்து ஒருவர் மேல் லேசாகப் பட்டதற்கு நகராட்சியில் மனு போய்விட்டது. பையன்கள் பாஸ் கொடுக்கும் முன்பு திரும்பிப் பார்ப்பது எதிராளியை அல்ல, அந்த ஐயாக்களைத்தான்.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். (மாப்பிள்ளை விஷயம் இல்லை என்றால் மன்னிக்கவும், நிச்சயமாக அதுதான்.) ஒரே கிளப்பில் பத்து வருடம் இருப்பவர்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒன்பதாவது அணி ஒருவனை எதற்காகக் கூப்பிடுகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எட்டு பயிற்சியாளர்களில் ஒருவராவது இவனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்னை அந்த ஒன்பதாவது இடத்துக்குச் சொல்லி அனுப்பியவர் பூட்ஸைத் திருப்பிப் பார்த்த அந்தப் பயிற்சியாளர்தான்.

பையனிடம் எத்தனை கிளப் என்று கேட்காதீர்கள். கடைசி கிளப்பில் கடைசி மாதச் சம்பளம் வந்ததா என்று கேளுங்கள். முட்டியில் எத்தனை அறுவை சிகிச்சை என்று கேளுங்கள். எனக்கு ஒன்று, இடது முட்டியில். மாடிப்படி இறங்கும்போது மட்டும் தெரியும்.